செவிக்கு எட்டாத செய்தியும் சட்டம் தரும் விலக்கும்

கேள்வியின் சிறப்பை உணர்ந்த வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ஆனால் கேட்கும் ஆற்றலை இழந்தோர்க்கு உலகச் செய்தி எவ்வழியே சென்று சேரும்? இவ்வினா எனக்கு ஏட்டில் எழுந்ததன்று. என் தந்தையார் முப்பது ஆண்டுகள் விசைத்தறிக் கூடத்தில் உழைத்தவர். தறியின் ஓசை அவர் செவிகளைச் சிறுகச் சிறுக மந்தமாக்கிவிட்டது. மாலையில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, செய்தி வாசிப்பவரின் உதடுகளையே உற்றுப் பார்ப்பார். பிறகு, "என்ன கண்ணு சொல்றாங்க?" என்று என்னைக் கேட்பார். நான் விடுதிக்கு வந்தபின் அவருக்கு யார் சொல்வார்? இந்த எண்ணமே பிற நாடுகளின் சட்டங்களைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

பேசப்படும் சொற்களைத் திரையின் அடியில் எழுத்தாகக் காட்டுவதே கேப்ஷன் என்பது. அயல்மொழிப் படத்திற்கு இடும் மொழிபெயர்ப்பு வரியினின்றும் இது வேறானது. கதவு தட்டும் ஓசை, தொலைபேசி மணி, கூட்டத்தின் சிரிப்பு ஆகியவற்றையும் இது எழுத்தில் சொல்லும். வேண்டுவோர் மட்டும் இதனை வரவழைத்துக் கொள்ளலாம். அமெரிக்காவில் 1980 மார்ச்சு மாதம் இவ்வகை ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியது. அக்காலத் தொலைக்காட்சி அலையில், படம் தோன்றாத 21ஆவது வரியில் இவ்வெழுத்துகளை மறைத்து அனுப்பினர். அவற்றைப் பிரித்துக் காட்டத் தனிக் கருவி வாங்க வேண்டியிருந்தது. 1993 சூலை முதல், 13 அங்குலமும் அதற்கு மேலும் திரையளவுள்ள பெட்டிகளில் அக்கருவி உள்ளேயே அமைய வேண்டும் என்று 1990இல் இயற்றப்பட்ட சட்டம் ஆணையிட்டது.

கருவி வந்தது, நிகழ்ச்சிகளில் எழுத்து வர வேண்டுமே! அதற்கு வழிவகுத்தது 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம். சந்தா கட்டிப் பார்க்கும் கேபிள், செயற்கைக்கோள் அலைவரிசைகளும் இதற்கு உட்பட்டவையே. 2006 சனவரி முதல், விலக்குப் பெற்றவை நீங்கலாக, புதிய ஆங்கில நிகழ்ச்சிகள் அனைத்திலும் எழுத்து இருத்தல் வேண்டும் என்பது விதி.

அவ்விலக்குகள் இருவகைப்படும். முதல்வகை தாமே கிடைப்பவை. ஓர் அலைவரிசையின் முந்தைய ஆண்டு மொத்த வருவாய் 30 இலட்சம் டாலருக்குக் குறைவாயின், அது எழுத்திடப் பணம் செலவிட வேண்டியதில்லை. எழுத்துடனேயே வந்து சேரும் நிகழ்ச்சியை, அவ்வெழுத்தை நீக்காமல் அனுப்பினால் போதும். பெரிய அலைவரிசையும் வருவாயில் 2 விழுக்காட்டுக்கு மேல் செலவிடத் தேவையில்லை. புதிய அலைவரிசைக்கு முதல் 4 ஆண்டுகள் விலக்கு. பின்னிரவு 2 மணி முதல் காலை 6 மணி வரையிலான நிகழ்ச்சிகளுக்கும் விலக்கு. இரண்டாம் வகை, விண்ணப்பித்துப் பெறுவது. செலவு தாங்கவொண்ணாதது என்று கணக்குடன் காட்டினால், தகவல் தொடர்பு ஆணையம் ஆராய்ந்து முடிவு செய்யும். முடிவு வரும்வரை விலக்கு நீடிக்கும்.

விலக்கே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. நேரடி நிகழ்ச்சிக்கு எழுத்திட, பேச்சின் வேகத்திற்குச் சுருக்கெழுத்துப் பொறியில் விரலோட்டத் தேர்ந்தவர் வேண்டும். அவருக்கு ஊதியம் வேண்டும். இச்செலவால் ஒரு சிறு அலைவரிசை மூடப்பட்டால் கேட்போர்க்கும் பயனில்லை, கேளாதோர்க்கும் பயனில்லை. ஆயினும் விலக்கை எவ்வாறு வழங்குகிறோம் என்பதில்தான் நீதி அடங்கியுள்ளது.

2006இல் நடந்தது இதற்குச் சான்று. இரு சமய அமைப்புகளுக்கு அளித்த விலக்கை முன்மாதிரியாகக் கொண்டு, ஏறத்தாழ 300 விண்ணப்பங்களுக்கு ஆணையத்தின் ஒரு பிரிவு மொத்தமாக விலக்களித்தது. செவித்திறனற்றோர் அமைப்புகள் எதிர்த்து முறையிட்டன. 2011இல் ஆணையம் அம்முடிவை மாற்றி, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்றது. தவறு திருந்த ஐந்து ஆண்டுகள் ஆயின. அதுவரை ஊமைப் படம் பார்த்தவர்கள் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஆஸ்திரேலியா வேறு வழி கண்டது. 2012இல் திருத்தப்பட்ட அதன் ஒளிபரப்புச் சட்டப்படி, கட்டணத் தொலைக்காட்சிக்குரிய எழுத்து இலக்கு ஆண்டுதோறும் 5 விழுக்காடு உயரும். 'நியாயமற்ற இடர்ப்பாடு' நேரும் என மெய்ப்பிக்கும் நிறுவனம் விலக்குக் கோரலாம். ஆனால் ஆணையம் தன் வரைவு முடிவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்ட பின்னரே விலக்களிக்க இயலும். செவித்திறனற்ற நேயர்க்கு நேரும் விளைவையும் எடைபோட வேண்டும். இம்முறையே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

தமிழராகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்க விதிகள் ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் அல்லாத பிறமொழி நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் விலக்களிக்கின்றன. ஆகவே அங்கே சந்தா கட்டித் தமிழ் அலைவரிசை பார்க்கும் வீட்டில், செவி மந்தமான பாட்டிக்கு அச்சட்டத்தால் பெரும்பயன் இல்லை. நம் நாட்டிலோ, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, மின்னணு ஊடகங்களில் எழுத்து வரியும் சைகை மொழியும் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் அலுவலர்களாக அமரலாம். விலக்குக் கோரும் விண்ணப்பம் ஒன்று நம் மேசைக்கு வருமாயின், வரவு செலவுக் கணக்கை அவசியம் பார்ப்போம். அத்துடன், திரையின் முன் அமர்ந்து உதடுகளை உற்றுப் பார்த்துக் கொண்டிருக்கும் ஒருவரையும் அழைத்துக் கருத்துக் கேட்போம். அதன் பிறகு கையொப்பம் இடுவோம்.