குறிப்புகளைக் காக்கும் மென்பொருளைத் தெரிவு செய்தல்

ஆய்வு செய்வார்க்கு நினைவாற்றல் மட்டும் போதாது. கண்டதையும் கேட்டதையும் குறித்து வைக்கும் பழக்கமும், குறித்ததை வேண்டும்பொழுது கண்டெடுக்கும் ஒழுங்கும் வேண்டும். இதனை மதுரை மண் நன்கறியும். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியின் பணி, அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாண்ட்லர் பாதிரியாரைத் தலைவராகக் கொண்டு 1913-இல் மதுரையிலேதான் தொடங்கப்பெற்றது; அதன் பின்னரே அலுவலகம் சென்னைக்கு மாறியது. 1926 முதல் வையாபுரிப் பிள்ளையவர்கள் பதிப்பாசிரியராக இருந்து நிறைவு செய்த அப்பேரகராதி, அனுபந்தத்தையும் சேர்த்து 1,17,762 சொற்களைத் தன்னகத்தே கொண்டது. இத்துணைச் சொற்களுக்கும் பொருளும் மேற்கோளும் திரட்டி அகர வரிசைப்படுத்தியது கணிப்பொறி அன்று. மனிதர் கையும் தாளும் பேனாவுமே.

மேலை நாட்டில் நிக்லாஸ் லூமன் என்ற செருமானியச் சமூகவியலறிஞர் (1927-1998) தம் வாழ்நாளில் ஏறத்தாழ 90,000 சீட்டுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைச் சுட்டிப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார். அப்பெட்டிகளே தம்முடன் உரையாடும் துணை என்றும் அவர் கருதினார். இன்று குறிப்பெடுப்பதற்கென விற்கப்படும் மென்பொருட்களுள் பல, அவருடைய சீட்டுப் பெட்டியின் நிழல்களே எனலாம்.

இம்மென்பொருட்களுள் எதனைத் தெரிவு செய்வது என்று மாணவர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. விளம்பரங்கள் அவற்றின் திறன்களை அடுக்கிக் கூறும். ஆயின் தமிழில் குறிப்பெடுப்பார் கேட்க வேண்டிய முதல் வினா வேறு: நம் தமிழை இம்மென்பொருள் எவ்வடிவில் சேமிக்கின்றது? நாளை அதனை வெளியே எடுக்க இயலுமா?

நமக்கு நேர்ந்த ஒன்றைக் கூறின் இது விளங்கும். 1998-ஆம் ஆண்டில் திருமங்கலத்தைச் சூழ்ந்த கரிசல் சிற்றூர்களுக்கு மாணவர்களுடன் சென்று, கமலை இறைப்புச் சொற்களை முதியோர் வாயிலாகக் கேட்டுத் திரட்டினோம். சால், தும்பி, வடம், வால்கயிறு, உருளை என ஒவ்வோர் உறுப்புக்கும் பெயருண்டு. ஊருக்கு ஊர் அப்பெயர் திரிவதும் உண்டு. மின்சாரப் பொறி வந்தபின் கமலை மறைந்தது. சொற்கள் மட்டும் முதியோர் நாவில் எஞ்சியிருந்தன. அவற்றைத் தட்டச்சு நிலையம் ஒன்றில் கணிப்பொறியில் ஏற்றி, நெகிழ்வட்டில் வாங்கி வந்து அலமாரியில் பூட்டினோம். சில ஆண்டுகள் கழித்துத் திறந்தபொழுது திரையில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளே நிரம்பிக் கிடந்தன. சொற்களைச் சொன்ன பெரியோருள் பலர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

இதன் காரணம் எளியது. அந்நாளைய தமிழ் எழுத்துருக்களுள் பல, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டின. எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று நாம் காண்பதைக் கணிப்பொறி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே சேமிக்கின்றது. எழுத்துரு உள்ளவரை அது தமிழ்; எழுத்துரு நீங்கின் வெறும் கிறுக்கல். எழுத்துருவுக்கு எழுத்துரு இம்முறை வேறுபட்டதுதான் பெருங்கேடு. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளை ஏற்றது. 2010-இல் யூனிகோடு முறையும் அனைத்தெழுத்து முறையும் தரமாக அறிவிக்கப்பெற்றன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ என்னும் மின்னூல் தொகுப்பும் தன் நூல்களை இவ்வாறே முறை மாற்றி முறை மாற்றி யூனிகோடுக்குக் கொணர்ந்தது. நம் கமலைச் சொற்களோ, அன்று அச்சிட்ட ஒரே ஒரு தாள் கிடைத்தமையால், அதனைக் கோப்புடன் ஒப்பிட்டு எழுத்துக்கு எழுத்துக் கண்டு, பாதிக்கு மேல் மீட்கப்பெற்றன. எழுத்துருவின் பெயரைத் தாளின் ஓரத்தில் குறித்திருந்தால் அவ்வுழைப்பும் வேண்டியிருந்திராது.

யூனிகோடில் எழுதினால் எல்லாம் தீர்ந்ததோ எனின், பெரும்பகுதி தீர்ந்தது. அரபுச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் ஒரே வரியில் எழுத இயல்வது இசுலாமியத் தமிழிலக்கியம் பயில்வார்க்குப் பெரும்பேறு. ஆயினும் தேடுங்கால் சில இடர்கள் உண்டு. ‘மௌலவி’ என்னும் சொல்லை ஔகாரக் குறியிட்டு எழுதலாம். ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு ‘மெளலவி’ என்றும் சிலர் எழுதிவிடுவர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு இரு வேறு சொற்கள். இசுலாம், இஸ்லாம் என்னும் இரண்டும் அவ்வாறே. மேலும், ‘வடம்’ என்று தேடினால் ‘வடத்தை’ என்று எழுதிய இடம் அகப்படாது. ஆதலின் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் வேற்றுமை ஏற்காத தலைச்சொல்லை ஒரே எழுத்துமுறையில் எழுதி வைத்தல் வேண்டும். அகராதியார் கண்ட பழைய நெறியே இது, புதுமை ஒன்றுமில்லை.

அகர வரிசையையும் சோதிக்க. ‘வயல்’, ‘வனம்’ என்னும் இரண்டினையும் இட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். தமிழ் நெடுங்கணக்கின்படி வயல் முன்னர் வரவேண்டும். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளமையால், தமிழ் முறை அறியாத மென்பொருள் வனத்தை முன்னே நிறுத்தும். அகராதிப் பணி செய்வார் அதனை விலக்குக.

நிறுவனங்களின் ஆயுளையும் எண்ணுதல் தகும். 1988-இல் வெளிவந்து வல்லுநர் பலரால் போற்றப்பெற்ற லோட்டஸ் அஜெண்டா இன்று வழக்கில் இல்லை. 2006-இல் வந்த கூகுள் நோட்புக் 2012-இல் மூடப்பெற்றது. பெருநிறுவனம் என்பதால் நிலைத்து நிற்கும் என்பது உறுதியன்று.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின், நூற்குறிப்புகளுக்கு ஜோட்டேரோ ஏற்றது என்பது நம் கருத்து. 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தோன்றிய அது விலையின்றிக் கிடைக்கின்றது. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு ஆகியவற்றைக் காத்து, மேற்கோள் பட்டியலையும் அமைத்துத் தருகின்றது. திரட்டியதை வேறு வடிவில் வெளியேற்றவும் விடுகின்றது. சொந்தக் குறிப்புகளை வெற்று உரைக் கோப்புகளாக எழுதுதல் நன்று. 2020-இல் வந்த அப்சிடியன் போன்றவை அத்தகைய கோப்புகளையே நம் கணிப்பொறியில் வைப்பதால், மென்பொருள் போயினும் எழுத்து நிற்கும். களத்தில் நிற்கும்பொழுது கைப்பேசியில் குரலைப் பதிவு செய்க. அன்றிரவே தலைச்சொல், ஊர், நாள் ஆகிய மூன்றையும் எழுதிச் சேர்த்துவிடுக. மறுநாளைக்கு ஒத்திவைத்த பதிவு பெரும்பாலும் ஒத்திவைத்தபடியே கிடக்கும். இது நாம் பட்டறிந்தது. ஐந்தாறு மென்பொருட்களை ஒருங்கே கையாண்டு, எதில் எதை எழுதினோம் என்று தேடி அலைவதும் வேண்டா.

தெரிவு செய்த மென்பொருளில் முதலில் பத்தே குறிப்புகளை இடுக. அவற்றை வெளியேற்றி, வேறொருவர் கணிப்பொறியில் திறந்து, தமிழ் தமிழாகவே தோன்றுகின்றதா என்று பார்க்க. ஒரு படியினை அச்சிட்டு அலமாரியில் வைக்க. பதினோராவது குறிப்பினை அதன் பின்னர் எழுதலாம்.