தாய்மாமன் சீராக வந்த சமையலறை அலமாரி

சீர் என்றதும் நமக்கெல்லாம் ஞாபகத்துக்கு வருவது என்ன? தங்கம், பட்டுப்புடவை, பாத்திரம், பீரோ, கட்டில். இவற்றையெல்லாம் கடையில் வாங்கிவிடலாம். கையில் பணம் இல்லாதவர்கள் கடன்பட்டாவது வாங்கிக் கொடுத்து கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் கைவேலை தெரிந்த ஒருவர் தன் உழைப்பையே சீராகக் கொடுத்தால் அதை எத்தனை பேர் சீர் என்று ஒத்துக்கொள்வார்கள்?

எங்கள் குடும்பத்தில் போன வருடம் அப்படி ஒரு சீர் வந்தது. என் அண்ணன் 26 நாள் உழைத்து, ஒரு பைசா கூலி வாங்காமல், என் மகளின் சமையலறைக்கு வேண்டிய மரச்சாமான்களைச் செய்து கொடுத்தார். அண்ணன் மில்லில் மரவேலைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் கொஞ்சம்தான். மகள் கல்யாணத்தில் தாய்மாமன் முறைக்கு ஒரு சவரனாவது போட வேண்டுமே என்று தவித்துப் போனாராம். இது அண்ணி சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்போது முடியவில்லை. உறவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசவும் பேசினார்கள்.

மகளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். சிசேரியன். லாஸ்பேட்டையில் வாடகை வீடு. சமையலறையில் ஒரு மேடை மட்டும்தான். மளிகை, பாத்திரம் எல்லாம் தரையில். ஒவ்வொன்றுக்கும் குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப் போகிறது என்று அழுதாள். குழந்தை தவழ ஆரம்பித்தால் என்ன ஆகும் என்ற கவலை வேறு. அண்ணன் வந்து பார்த்தார். "பாப்பா, இதை நான் செஞ்சு தரேன். இதுதான் என் சீர்" என்றார்.

முதலில் பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள்

சும்மா கிடைக்கிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கூலி கொடுத்தால் "இது சரியில்லை, மாத்துங்க" என்று சொல்லலாம். சொந்தக்காரர் இலவசமாகச் செய்தால் வாயைத் திறக்க முடியாது. பிடிக்காத அலமாரியோடு பத்து வருடம் குடித்தனம் செய்ய வேண்டியதுதான். என் மகளும் அப்படித்தான் தயங்கினாள். "மாமா இவ்ளோ ஆசையா செய்யறேங்கறார், நான் எப்படிம்மா குறை சொல்றது?" என்றாள்.

அதனால் மரம் வாங்குவதற்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து மூன்று விஷயம் பேசிக்கொண்டோம். சாமான் செலவு முழுக்க எங்களுடையது, உழைப்பு மட்டும் அண்ணனுடையது. அறுப்பதற்கு முன்னால் மகள் என்ன மாற்றம் வேண்டுமானாலும் சொல்லலாம், அறுத்த பிறகு சொல்லக்கூடாது. இன்ன தேதிக்குள் வேண்டும் என்று யாரும் அவரை அவசரப்படுத்தக் கூடாது. அண்ணன் முதலில் "செலவும் என்னுதுதான்" என்று அடம்பிடித்தார். "உன் கைக்கு விலை கிடையாது அண்ணே, பலகைக்கு உண்டு" என்று நான் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார்.

அளவு யாருக்கு?

மகள் நாலடி பத்து அங்குலம். வீட்டுக்காரர் போட்ட மேடையோ 34 அங்குல உயரம். சப்பாத்தி தேய்க்கத் தோளைத் தூக்க வேண்டியிருந்தது. அண்ணன் செங்கல்லை அடுக்கி, மேலே பலகை போட்டு, அவளை நிற்க வைத்து மாவு தேய்க்கச் சொன்னார். ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து, 31 அங்குலத்தில் "இதுதான் மாமா!" என்றாள். முழங்கையை மடக்கி நின்றால், வேலை செய்யும் பலகை முழங்கைக்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே இருக்க வேண்டும். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இதை அளந்து பாருங்கள். முதுகுவலிக்கும் தோள்வலிக்கும் மேடையின் உயரமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மேடையை இடிக்க முடியாதல்லவா? அதனால் 31 அங்குலத்தில் மூன்று இழுப்பறைகளோடு தனியாக ஒரு வேலை மேஜை, மேடைக்கு அடியில் நுழைகிற மாதிரி இரண்டு பெட்டிகள், மளிகைக்கு ஒரு குறுகலான உயர அலமாரி என்று முடிவாயிற்று. எதுவும் கட்டிடத்தோடு சேர்ந்தது இல்லை. வீடு மாறினால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

நம்ம ஊர் காற்றுக்கும் மழைக்கும்

பிளைவுட்டில் பல தரம் உண்டு. சமையலறைக்குச் சாதாரண கமர்ஷியல் பலகை ஆகாது, தண்ணீர் பட்டால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்கினோம். எட்டடிக்கு நாலடி பலகை, 19 மில்லிமீட்டர் கனம். விலை கூடத்தான். ஆனால் ஒருமுறை செலவு.

புதுச்சேரியில் கடல் காற்று இரும்பை விடாது. கீல், திருகாணி எல்லாம் எவர்சில்வரிலேயே போட்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதும். அதனால் கதவுகளைச் சுற்றி மெல்லிய இடைவெளி விட்டார்.

எல்லாவற்றுக்கும் ஆறு அங்குலக் கால் வைத்தார். 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாம் மறக்க முடியுமா? எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்து, தரையோடு தரையாக இருந்த மரச்சாமான்கள் ஊறி வீணாயின. கால் இருந்தால் கொஞ்சம் தண்ணீர் வந்தாலும் பெட்டி தப்பும். அடியில் துடைப்பமும் போகும், கரப்பானும் குடியேறாது.

ஒரு ஜப்பானிய தச்சரும் நம்ம ஊரும்

கதவுகளுக்கு முழுப் பலகை போடாமல், காற்று போகிற மாதிரி சட்டம் சட்டமாக அடித்தார் அண்ணன். "இது எங்கேயிருந்து பிடிச்ச அண்ணே?" என்று கேட்டேன். "கோல்கொண்டே" என்றார்.

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டே தங்கும் விடுதியை நம்மில் பலர் வெளியிலிருந்து பார்த்திருப்போம். அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டிடக் கலைஞர் வரைந்த திட்டம். அந்த வேலைக்காக 1937-ல் இங்கே வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். கொஞ்ச நாளில் ஆசிரமத்தில் சேர்ந்துவிட்டார். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார்கள். கட்டிட வேலையை மேற்பார்த்ததோடு அதற்கான மரச்சாமான்களையும் வடிவமைத்தார். அங்கே அறைக் கதவுகள் தேக்குச் சட்டங்களால் ஆனவை. மூடினாலும் காற்று வரும், உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

பிறகு அமெரிக்கா திரும்பிய அவரை, 1942-ல் யுத்த காலத்தில், ஜப்பானிய வம்சம் என்பதற்காகக் குடும்பத்தோடு முகாமில் அடைத்தார்கள். அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கைவேலையின் நுணுக்கங்களைக் கற்றார். பின்னாளில் உலகமே போற்றும் மரவேலைக் கலைஞர் ஆனார். 1990-ல் மறைந்தார். சம்பளம் வாங்காமல் அவர் வேலை செய்த ஊர் இது என்பது நமக்கெல்லாம் பெருமைதானே! அலமாரி என்ற வார்த்தையே போர்ச்சுகீசியர்கள் கொண்டு வந்தது. அதை நம்முடையதாக்கிக்கொண்ட மாதிரி, அந்தக் கதவையும் அண்ணன் தம் சமையலறைக் கதவாக்கிக்கொண்டார்.

குழந்தை உள்ள வீடா? இவற்றைக் கவனியுங்கள்

* உயரமான அலமாரியைச் சுவரோடு இரும்புப் பட்டை வைத்து முடுக்கிவிடுங்கள். குழந்தை இழுப்பறையைப் படி மாதிரி பிடித்து ஏறினால் அலமாரி அப்படியே மேலே சாயும். வாடகை வீடானாலும் வீட்டுக்காரரிடம் கேட்டு இரண்டு ஓட்டை போட்டுக்கொள்வதில் தப்பில்லை.

* கேஸ் சிலிண்டரை மூடிய பெட்டிக்குள் அடைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையிலேயே தங்கும். கதவு போட்டே ஆகவேண்டுமென்றால் தரையை ஒட்டிக் கட்டாயம் காற்று வழி வேண்டும். அண்ணன் அங்கே கதவே போடவில்லை.

* புது பிளைவுட்டின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற ஆவி வரும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். சாமான்களை அண்ணன் வீட்டு மாடிக் கொட்டகையில் மூன்று வாரம் திறந்து வைத்திருந்து பிறகுதான் கொண்டு வந்தோம்.

* பழைய வீடு இடித்த தேக்குச் சட்டங்களை மேஜைக் காலுக்கு வாங்கினோம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குக் கடுமையான அளவு வந்ததே 2017 நவம்பரில்தான். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் விஷம். எனவே காய்ந்த நிலையில் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் கட்டி அப்புறப்படுத்தினார். அது முடியும்வரை குழந்தையை அந்தப் பக்கமே கொண்டு போகவில்லை.

* மரத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். வேலை செய்பவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். சீர் செய்கிறவருக்கு நாம் செய்கிற முதல் மரியாதை அதுதான்.

சீருக்கு மதிப்பு வந்தது

சாமான் எல்லாம் வந்து இறங்கிய அன்று சம்பந்தியம்மா வந்திருந்தார்கள். இழுப்பறையை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். "அண்ணா, எங்க வீட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்களேன்" என்றார்கள். அண்ணன் வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "தாராளமா செய்வார் சம்பந்தி. ஆனா அது சீர் இல்லீங்களே, வேலை. ஒரு நாளைக்கு என்ன கூலின்னு பேசிக்கலாம்" என்றேன். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு சம்பந்தியம்மாவே சிரித்துவிட்டு, "அதுவும் நியாயம்தானே! நாளைக்கே அளவெடுக்க வரச் சொல்லுங்க" என்றார்கள். அன்று சாயங்காலம், "என் வேலைக்கு ஒரு விலை இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது பாப்பா" என்றார் அண்ணன்.

தங்கத்தின் விலையை யார் கேட்டாலும் சொல்லிவிடலாம். கைவேலைக்கு விலை தெரியாததால்தான் அதை இலவசம் என்று நினைத்துவிடுகிறோம். நாங்கள் அந்த 26 நாளையும் காலண்டரில் குறித்து, மகளின் சீர் நோட்டில் தாய்மாமன் பெயருக்கு நேராக "26 நாள் உழைப்பு" என்று எழுதி வைத்தோம். உங்கள் வீட்டிலும் தையல் தெரிந்த அத்தை, மின்சார வேலை தெரிந்த சித்தப்பா, பின்னல் போடும் பாட்டி இருப்பார்கள். அவர்கள் கொடுத்ததையும் அந்த நோட்டில் எழுதுங்கள். வீட்டில் ஒரு நல்லது நடக்கும்போது அவர்களை முதலில் போய்க் கூப்பிடுங்கள்.