போடி ரயிலும் புல்லட் ரயிலும்

காளவாசலில் தேனி பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கேளுங்கள்.

மும்பாய் - ஆமதாபாத் புல்லட் ரயிலுக்கு 2017-ல் அஸ்திவாரம் போட்டார்கள். தூரம் 508 கிலோமீட்டர். ஏறக்குறைய மதுரைக்கும் சென்னைக்கும் உள்ள தூரம். அப்போது போட்ட மதிப்பு சுமார் 1,08,000 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 200 கோடிக்கு மேல்!

இங்கே மதுரை - போடி மீட்டர்கேஜ் வண்டியை 2010 கடைசியில் நிறுத்தினார்கள், பாதையை அகலமாக்க. தேனிக்கு மறுபடி ரயில் போனது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். அதற்குள், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பையன் காலேஜ் வாசலுக்கே வந்துவிட்டான்! தேனி வரை 75 கிலோமீட்டருக்குச் செலவு 500 கோடிக்குச் சற்று மேல். புல்லட் பாதையில் அந்தப் பணம் இரண்டரைக் கிலோமீட்டருக்குக்கூட எட்டாது.

"ஜப்பான் கடன் கொடுக்கிறதே, வட்டி 0.1 சதவிகிதம்தானே?" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அசலை யென்னாக அல்லவா திருப்பியாக வேண்டும்?

ஜப்பானிலும் 1964-ல் தோக்கியோ - ஒஸாகா பாதைக்குச் செலவு மதிப்பைப்போல் இரட்டிப்பாயிற்று. இன்று அதைக் குறை சொல்வாரில்லை. அங்கே பழைய பாதை நிரம்பி வழிந்தது, புதியது தேவைப்பட்டது.

நம் பக்கம் நிரம்பி வழிவது எது? சாயங்காலம் ஆறு மணிக்குக் காளவாசலுக்கு வந்து பாருங்கள்.