குழு மாறியவர்க்குக் கேலிப் பெயர்

விஸ்வநத்தம் போன்ற நம் பட்டாசுச் சிற்றூர்களில் ஒரு பெயருடையார் பலராதலின், பட்டப்பெயராலன்றி ஆளைக் காட்டுதல் அரிது. அதனை வைத்தவர் யாரெனின், ஊரே வைத்ததென்பர். கால்பந்தாட்ட அரங்குகளிலும் இவ்வாறு ஊர் வைக்கும் பெயர்கள் உண்டு. அவற்றுட் கூரியவை, தம் குழுவை நீத்துப் பகைக்குழுவிற் சேர்ந்தார்க்கு வைத்தவை என்பது நம் கருத்து.

லண்டன் மாநகரின் ஆர்சனல் குழுவில் இளமை தொட்டு வளர்ந்தவர் ஆஷ்லி கோல். வாரத்திற்கு 55,000 பவுனே தருவதாகக் குழுவினர் கூறக் கேட்டபொழுது, தாம் ஓட்டிய மோட்டார் சாலையினின்றும் விலகப் பார்த்ததென்று அவரே தம் வரலாற்று நூலில் எழுதினார். (அத்தொகை நம்மில் எத்தனை பேருக்குச் சினமூட்டும்?) 2006-ல் அவர் அந்நகரத்துச் செல்சீ குழுவிற் சேர்ந்தார். ரசிகர் நீண்ட வசை தேடினாரல்லர். 'ஆஷ்லி'யின் முதலெழுத்தை மாற்றிக் 'காஷ்லி' என்றனர். போலி நோட்டுகளையும் அரங்கில் வீசினர். 'காஷ்' என்பது ரொக்கம். கம்பெனியார் காலத்தில் நம் சென்னைக் காசும் ஆங்கிலேயர் வாயில் 'காஷ்' என்றே வழங்கியதாதலின், இச்சிலேடையின் சுவை நமக்கும் எட்டுவதாம்.

ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம் உண்டு. குழுவுக்குப் பணம் உண்டு. சீட்டு வாங்கி வெயிலில் அமர்பவனுக்கு ஒரு சொல்லே உண்டு. 2000-ல் பார்சலோனாவை விட்டு ரியல் மாட்ரிட் சேர்ந்த லூயிஸ் ஃபீகோவை, சல்லிக்காசுக்கு ஓடுபவர் என்னும் பொருளில் 'பெசேத்தேரோ' என்றனர். பெசேத்தா என்னும் அந்நாட்டு நாணயம் 2002-ல் செல்லாதாயிற்று. ஏச்சு மட்டும் செல்லுபடியாகின்றது. அவ்வாண்டே அவர் மூலைப்பந்து உதைக்க நின்றவிடத்தில் பன்றித்தலையொன்று வந்து விழுந்தது. நகை அங்கே அற்றது.

நிற்க. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பழைய குழுவுக்கு விலை கொடாமலே பிரியலாமென ஐரோப்பிய நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. அவ்வாறே 2001-ல் டாட்டனத்தை விட்டு ஆர்சனல் சேர்ந்தவர் சால் காம்பெல். சட்டம் அவரைக் குற்றமற்றவராக்கியும், ரசிகர் 'யூதாஸ்' என்றனர். இப்பெயருக்கு நம் கல்லூரியில் உரை வேண்டுவதில்லை. 2008-ல் அவரை நோக்கி ஆபாசமாகக் கூவியோருட் சிலர் நீதிமன்றத்திற் குற்றவாளிகளாயினர்.

நம் நாட்டில் இக்கலை அரசியலிலே செழித்தது. 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்னும் சட்டமன்ற உறுப்பினர் இரு வாரத்துள் மும்முறை கட்சி மாறவே, 'ஆயா ராம், கயா ராம்', அதாவது 'ராமன் வந்தான், ராமன் போனான்' என்னும் தொடர் பிறந்தது. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபின்னரும் அத்தொடருக்கு வேலை குறைந்தபாடில்லை.