தலைக்குமேல் ஏறும் படிகள்

வன்னியிலே கிணறு தோண்டுவோர் மேலிருந்து கீழ்நோக்கிச் செல்வர். வெட்டிய மண்ணைக் கயிறு கட்டித் தூக்குவதே அவர்தம் பெரும்பாடு. பாறையினுள் செங்குத்தாய் இறங்கும் தாதுப் பட்டையை அகழ்வோரோ பல இடங்களிற் கீழிருந்து மேலே செல்வர். அடியில் ஒரு வழியைக் குடைந்து, அதன் கூரையைத் தலைகீழான படிக்கட்டைப் போலப் படிப்படியாக உடைத்து ஏறுவர். உடைந்த தாது தன் பாரத்தாலேயே கீழே விழும். அள்ளித் தூக்கும் வேலை குறையும். ஆனால் பாறை எந்நேரமும் தலைக்கு மேலேயே நிற்கும்.

தமிழர் பெருந்தொகையினராய் உழைத்த கோலார் தங்கவயல் 2001இல் மூடப்படுமுன் 3 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தை எட்டியிருந்தது. அவ்வாழத்திலே பாறை அழுத்தந் தாங்காது வெடித்து உயிர்களைப் பலிகொண்டதுண்டு. ஆகவே, தாது எடுத்த வெற்றிடங்களிற் கருங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பினர். கல்லை அத்தனை ஆழத்துக்கு இறக்குவது செலவுதான். எனினும் அடுத்த படியில் நின்று பாறையைத் துளைத்தவனுக்கு அச்சுவரே காவல்.