உண்ணிக் காய்ச்சலும் மூச்சுத் திணறலும்

திருவண்ணாமலையின் உயரம் 2,668 அடி ஆகும். கார்த்திகைத் திங்களில் அம்மலையுச்சியில் ஏற்றப்படும் தீபத்தைக் காண மக்கள் திரள்திரளாக வருவர். அந்த மழைக்காலத்தை ஒட்டியே அம்மாவட்டத்துச் சிற்றூர்களில் உண்ணிக் காய்ச்சலும் மிகுகின்றது. புல்லிலும் புதரிலும் வாழும் ஒருவகை நுண்ணிய உண்ணியின் இளம்பூச்சி கடிப்பதால் இந்நோய் உண்டாகிறது. புல்லறுப்போரும், ஆடுமாடு மேய்ப்போரும், வயலில் உழைப்போரும் இதற்கு எளிதில் ஆளாகின்றனர்.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2020 முதல் 2022 வரை அம்மாவட்டத்தின் 37 சிற்றூர்களில் வீடுதோறும் சென்று, காய்ச்சல் கண்டோரை ஆராய்ந்தனர். அக்காய்ச்சல்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்று உண்ணிக் காய்ச்சல் எனத் தெரிந்தது. காலத்தில் மருந்துண்டால் பெரும்பாலோர் நலம் பெறுவர். காலந் தாழ்த்துவோருள் சிலருக்கு நுரையீரல் பழுதுற்று, கடும் மூச்சுத் திணறல் தோன்றும்.

அது தோன்றுவது எவ்வாறு? நுரையீரலில் 30 கோடிக்கு மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகவே உயிர்வளி குருதியிற் கலக்கின்றது. நோய்க்கிருமிகள் நுண்ணிய குருதிக் குழாய்களைத் தாக்கும்போது, அவற்றினின்று நீர் கசிந்து அறைகளை நிரப்புகிறது. நீர் நிறைந்த குடத்திற் காற்றுக்கு இடமேது? நோயாளி விரைந்து விரைந்து மூச்சிழுத்தும் உயிர்வளி போதிய அளவு குருதியை அடைவதில்லை. இந்நிலையை 1967ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு டென்வர் நகரத்து மருத்துவர் ஆஷ்பா முதலியோர் 12 நோயாளரிடம் கண்டு விளக்கினர்.

இதற்குக் காரணங்கள் பல. நிமோனியா, குருதியில் கிருமித் தொற்று, வாந்தி மூச்சுக் குழலினுட் புகுதல், நீரில் மூழ்குதல், தீப்புகை, பெருங்காயம், கணைய அழற்சி ஆகியன அவற்றுட் சில. மதுவும் புகையும் இவ்விடரை மேலும் பெருக்கும். கொரோனாத் தொற்றும் இத்தகைய மூச்சுத் திணறலைப் பலருக்கு விளைவித்தது. அதனாலேயே 2020ஆம் ஆண்டுத் தீபத் திருநாளில் மக்கள் கூடி மலைவலம் வருதல் தடுக்கப்பட்டது.

உண்ணி கடித்த இடத்தில் தீச்சுட்டாற் போன்ற கருநிறப் பொருக்கு ஒன்று சிலருக்குக் காணப்படும். அது அக்குள் போன்ற மறைவிடங்களில் இருப்பதால் நோயாளியே அறியாதிருத்தல் கூடும். ஆதலால் காய்ச்சல் சில நாள் நீடித்தால், வயல் வேலை செய்பவர் அதனை மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். டாக்சிசைக்ளின் என்னும் விலை குறைந்த மருந்தே இந்நோயைத் தீர்க்க வல்லது. உடல் மறைய உடுத்தலும், வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றலும் நோய் வாராமற் காக்க உதவும்.

நுரையீரலில் நீர் நிறைந்தபின் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையும் வேண்டியிருக்கும். முன்னரே அறிந்தால் சில மாத்திரைகளே போதும். மூச்சு முட்டும்வரை காத்திராமல், காய்ச்சல் கண்டபோதே மருத்துவரை நாடுதல் அறிவுடைமையாகும்.