ஆச்சி பெயரில் ஒரு வீடு

திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களில் வீடு என்றால் அது அப்பா வழியில் வருவது. தாத்தா கட்டியது அப்பாவுக்கு, அப்பாவுக்குப் பின் அண்ணன் தம்பிகளுக்கு. பெண்பிள்ளைக்கு நகை, பாத்திரம், சீர்வரிசை. அத்தோடு கணக்குத் தீர்ந்தது. பின்னாளில் கேட்டுவிடக் கூடாதென்று விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். அந்த ஊர்களிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மும்பையின் தாராவியில் குடியேறினார்கள். சாமியைக் கொண்டுவந்ததுபோல் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். ஆனால் பாகம் பிரிக்க இங்கே நிலம் இல்லை. நிலம் பெரும்பாலும் மாநகராட்சிக்கும் மாநில அரசுக்கும் ரயில்வேக்கும் சொந்தம். குடியிருப்பவருக்குச் சொந்தமானது சுவரும் கூரையும் மட்டுமே.

அந்தச் சுவரில் பெண்களின் காசு நிறைய உண்டு. விடியுமுன் இட்லி அவித்து விற்றது, முறுக்கு சுட்டது, சீட்டு எடுத்தது, அடகுக்குப் போய்த் திரும்பாத வளையல். தகரம் செங்கலானதும், தரையில் கல் பதித்ததும் இப்படித்தான். பெயர் மட்டும் ஆண் பெயர். 1976 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்தது. அதையொட்டித் தரப்பட்ட குடியிருப்பு அடையாள அட்டையான போட்டோ பாஸ் குடும்பத் தலைவரின் பெயரில் இருந்தது. குடும்பத் தலைவர் என்றால் கணவர். அவர் காலமான பிறகு, பல வீடுகளில் அது ஆச்சியின் பெயருக்கு வந்தது.

சட்டம் அதற்கு முன்பே மாறியிருந்தது. பழைய இந்து சட்டத்தில் கணவன் விட்டுச்சென்ற வீட்டில் விதவைக்கு இருந்தது ஆயுள்கால உரிமை. அவளுக்குப் பின் அது கணவனின் வாரிசுகளுக்கே திரும்பியது. பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று பெரியார் கூட்டிய செங்கல்பட்டு மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். 1937ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்கு மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது, அதுவும் ஆயுள்காலத்துக்குத்தான். 1956 ஜூன் 17 முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அவள் பங்கை அவளுக்கே முழு உரிமையாக்கியது. தன் பணத்தில் வாங்கியதோ, கணவனின் பங்காக வந்ததோ, அவளுடையது அவளுக்குப் பின் மகன், மகள், கணவன் என எல்லோருக்கும் சமமாகப் போகும். முன்பே இறந்துபோன மகளின் பிள்ளைகளும் தங்கள் தாயின் பங்கைப் பெறுவார்கள். மகள் வயிற்றுப் பேரனுக்கு ஆச்சி வீட்டில் சட்டப்படி ஓர் இடம் கிடைத்தது இப்படித்தான்.

இதில் மகள் ஒன்றை இழந்ததும் உண்டு. பழைய சட்டத்தில் தாயின் சீதனச் சொத்து முதலில் மகளுக்கு, அதிலும் மணமாகாத மகளுக்கு, மகன் பின்னால்தான். 1956க்குப் பின் அந்த முன்னுரிமை போய் இருவரும் சமமானார்கள். அப்பாவின் சொத்தில் மகளுக்குக் கிடைத்ததற்கு எதிராக அம்மாவின் சொத்தில் அவள் விட்டுக்கொடுத்தது இது. ஆனாலும் சமம் என்பது தாளில்தான் இருந்தது. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வராத வரை, பெண் வாரிசு பிரிக்கச் சொல்ல முடியாது என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சொன்னது. மணமாகிக் கணவனோடு வாழும் மகளுக்கு அங்கே குடியிருக்கும் உரிமையும் இருக்கவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 1989, மகாராஷ்டிரத்தின் 1994 திருத்தங்களும், 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் அப்பா வழிப் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. தாத்தா சொத்து பேரனுக்கு என்ற பேச்சு அம்மா வழிக்கு ஒத்துவராது. ஆச்சி இருக்கும்வரை அவள் வீடு அவளுடையது மட்டுமே.

பிள்ளையில்லாத ஆச்சிக்கு இன்றும் நிலைமை வேறு. அவள் உழைத்துச் சேர்த்தது கணவனின் உறவினருக்கே முதலில் போகும். மணமாகி மூன்று மாதத்தில் விதவையாகி, தாய்வீட்டில் படித்து வேலைக்குப் போன நாராயணி தேவி என்பவரின் சேமிப்பு கணவனின் சகோதரி பிள்ளைகளுக்கே என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. தாயிடமிருந்து வந்த வீடானாலும், பிள்ளையில்லாதவளுக்குப் பின் அது போவது அவள் தந்தையின் வாரிசுகளுக்கு. இவையெல்லாம் இந்துக்களுக்கு. தாராவித் தமிழர்களில் கிறிஸ்தவருக்கு மகனும் மகளும் சமம். முஸ்லிம்களுக்கு மகள் பங்கு மகன் பங்கில் பாதி.

சட்டம் இப்படிப் படிப்படியாக நகர்ந்தபோது, தாராவி வீடு தன் போக்கில் வளர்ந்தது. மகளுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாலா, அதாவது மாடித்தளம். பத்தடிக்குப் பதினைந்தடி வீட்டின் வாசலோரம் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, கைப்பிடியாக ஒரு நைலான் கயிறு. கீழே மகன் குடும்பம், மேலே மருமகனோடு மகள், அதற்கும் மேலே வாடகைக்கு ஆள். வாடகை ஆச்சி கையில். வக்கீலும் பத்திரமும் இல்லாமல், உயரத்தில் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பெண்பிள்ளைக்கு ஊரில் கிடைக்காத கூரை இங்கே கிடைத்தது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் அந்தக் கணக்கை மாற்றுகிறது. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்றது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன் இருந்த தரைத்தளக் குடியிருப்புக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, விலையின்றி. 1990களின் திட்டத்தில் இது 225 ஆக இருந்தது. மாலாவில் இருப்பவருக்கு, 2022 நவம்பர் 15க்கு முன் அங்கே இருந்திருந்தால், தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, தவணையில் பணம் கட்டி. ஏணிக்குக் கீழே இருக்கும் மகனும் ஏணிக்கு மேலே இருக்கும் மகளும் ஒரே தாயின் சம வாரிசுகள். கணக்கெடுப்பில் ஒருவர் உள்ளூர், இன்னொருவர் வெளியூர்.

பெற்றதும் சிறிதல்ல. மறுகுடியமர்த்தும் வீட்டின் ஒப்பந்தம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்பது குடிசைச் சீரமைப்பு விதி. போட்டோ பாஸ் ஒரே பெயரில் வந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். விதவையான பிறகுதான் பெயர் வரும் என்ற நிலை இனி இல்லை. கழிவறை உள்ளே, தண்ணீர் குழாயில். ஆனால் அந்த வீட்டுக்கு மேலே இன்னொரு தளம் எழுப்ப முடியாது. மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பங்கு உண்டு, கதவு ஒன்றுதான். ஒருவர் குடியிருந்து மற்ற இருவருக்குப் பணம் தரலாம், அல்லது விற்கத் தடையுள்ள காலம் முடிந்ததும் விற்றுப் பிரிக்கலாம். வாரிசுக்குப் போவதைத் தவிர வேறு கைமாற்றத்தை அந்தக் காலத்துக்குள் விதி அனுமதிப்பதில்லை.

இந்து, கிறிஸ்தவ ஆச்சி தன் சொத்தை உயில் எழுதலாம். அதற்கு யார் சம்மதமும் வேண்டாம். மாலாவில் இருக்கும் மகளுக்கு என்ன, கீழே இருக்கும் மகனுக்கு என்ன, போய்விட்ட மகளின் பிள்ளைகளுக்கு என்ன என்று அவள் வாயாலேயே சொல்லிவிடலாம். சட்டம் பங்கைச் சொல்கிறது, கணக்கெடுப்பு தளத்தைச் சொல்கிறது; யார் எங்கே இருப்பது என்பதை இரண்டும் சொல்லவில்லை. அதைக் குடும்பம்தான் உட்கார்ந்து பேச வேண்டும், ஆச்சி இருக்கும்போதே.